நைனிதால் ஏரியும் அரை ரேட்டர் படகுகளும்

டில்லி, லக்னோ, கான்பூர் பக்கம் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேராவது ஒருமுறை நைனிதால் போய் வந்திருப்பார்கள். பெரும்பாலும் மே மாதம், குழந்தைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும். மால் ரோட்டில் நகர முடியாத கூட்டத்தில் இடிபட்டு, அரை மணி நேரத் துடுப்புப் படகுச் சவாரி, ரோப்வே, நாலு டிசைன் மெழுகுவர்த்தி, திரும்பி வந்து "சரியான கும்பல் சார்" என்று ஒரு வரி விமர்சனம். இதைத் தவிர அந்த ஏரியைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாது.

குமாவுன் மலைப் பக்கம் மூன்று வருடம் போஸ்டிங் கிடைத்தபோது அக்டோபர் மாதத்து நைனிதாலைப் பார்க்கும் யோகம் எனக்கு வாய்த்தது. அது வேறு ஊர். மழை விடைபெற்றிருக்கும். ஸ்னோ வியூ பக்கம் ஏறினால் பனிமலை துடைத்து வைத்த மாதிரி தெரியும். டூரிஸ்ட் கூட்டம் குறைந்து ஏரி ஊர்க்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். அப்போதுதான் மல்லிதால் பக்கத்துப் போட் ஹவுஸிலிருந்து வெள்ளைப் பாய் கட்டிய ஒல்லியான படகுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். துடுப்பு கிடையாது, மோட்டார் கிடையாது. காற்று மட்டும்தான். பாய் கட்டிய படகை ஏரியில் பந்தயம் விடுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வேடிக்கை பார்க்கப் போய், பிறகு அதன் சரித்திரத்தைத் தேடப் போய், அது எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். ஏரி கடல் மட்டத்திலிருந்து 1,900 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. நீளம் ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அகலம் அதிகபட்சம் அரைக் கிலோமீட்டர்கூடத் தேறாது. ஆழமான இடத்தில் 27 மீட்டர். பார்க்க மாங்கொட்டை மாதிரி. வடக்குக் கோடி மல்லிதால், அதாவது மேல் ஏரி. தெற்குக் கோடி தல்லிதால், கீழ் ஏரி. மூன்று பக்கமும் செங்குத்தான மலை. இந்தக் கிண்ணத்துக்குள் பாய்ப்படகுப் பந்தயம் என்றால் கடலில் ஓட்டிப் பழகியவன் சிரிப்பான். ஆனால் நூறு வருடத்துக்கு மேலாக அது நடந்திருக்கிறது.

இந்த ஏரிக்கு வந்த முதல் வெள்ளைக்காரர் டிரெயில் என்ற குமாவுன் கமிஷனர். 1823ல் பார்த்தார். பார்த்துவிட்டு வெளியே மூச்சுவிடவில்லை. ஊர் மக்களுக்கு அது நயனா தேவியின் புனித இடம். வெளியாட்கள் வந்து கெடுத்துவிடுவார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நல்ல மனிதர். அவர் காப்பாற்றிய ரகசியம் 18 வருடம்தான் தாங்கியது.

1841 நவம்பரில் வந்தவர் பாரன். ஷாஜஹான்பூரில் சர்க்கரை வியாபாரம், ஊர் சுற்றுவதில் பைத்தியம். வழிகாட்டியாக வந்த மலைக்காரர் அப்படி ஓர் ஏரியே தெரியாது என்று சாதித்தாராம். பாரன் ஒரு பெரிய கல்லை அவர் தலையில் ஏற்றி, "நைனிதாலில் கல்லே கிடையாதாம், இதை அங்கே சேர்த்துவிடு, வழியில் போட்டு உடைத்துவிடாதே" என்று சொல்லிவிட்டார். கொஞ்ச தூரம் சுமந்த மனிதர், அங்கே கல்லுக்குப் பஞ்சமில்லை என்று உளறிவிட்டார். அவ்வளவுதான், வழி தெரிந்துவிட்டது. இந்தக் கதையைப் பாரனே பெருமையாக எழுதிவைத்திருக்கிறார். 'பில்கிரிம்', அதாவது யாத்ரீகன், என்ற புனைபெயரில் 1844ல் ஆக்ராவில் அவர் புத்தகம் வெளிவந்தது. என்ன யாத்திரையோ!

அடுத்த முறை வரும்போது பாரன் ஒரு படகை மலைமேல் ஏற்றிக் கொண்டுவந்தார். இந்த ஏரியில் படகுகளின் சரித்திரம் இங்கேதான் தொடங்குகிறது, அதுவும் அழகான தொடக்கம் இல்லை. ஏரியும் சுற்றியுள்ள காடும் தன் சொத்து என்று உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தவர் நர்சிங் என்ற தோக்தார். நம்மூர்ப் பாஷையில் மிராசுதார் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். பாரன் அவரைச் சமாதானமாகப் பேசிப் படகில் ஏற்றி ஏரி நடுவுக்குக் கொண்டுபோனார். அங்கே போனதும், "உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா, இல்லை இங்கேயே தள்ளிவிடட்டுமா" என்றார். பாக்கெட் நோட்டுப் புத்தகம் ஒன்றை நீட்ட, நர்சிங் அதில் உரிமையைத் துறந்து எழுதிக்கொடுத்துவிட்டார். பிறகு அவரை அதே ஊருக்குப் பட்வாரியாக, அதாவது கணக்குப்பிள்ளையாக, சொற்ப சம்பளத்தில் வைத்துக்கொண்டார்கள். தன் நிலத்துக்கே கணக்கு எழுதும் வேலை.

பி.காம். படித்தவர்களுக்கு இது இரண்டாம் வருடப் பாடம். இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 15: மிரட்டலால் பெற்ற சம்மதம். பிரிவு 19: அப்படிப்பட்ட ஒப்பந்தத்தைச் சம்மதித்தவர் ரத்து செய்துகொள்ளலாம். சொத்துப் பத்திரங்களைப் புரட்டிப் புரட்டியே தலை நரைத்தவன் நான். இந்த நோட்டுப் புத்தகப் பக்கத்தை எந்த லீகல் ஒப்பீனியனுக்கு அனுப்பினாலும் செல்லாது என்றுதான் பதில் வரும். என்ன செய்ய, சட்டம் வந்தது 1872ல். அதற்குள் ஏரியைச் சுற்றி ஓர் ஊரே எழும்பிவிட்டது. 1862ல் அது வடமேற்கு மாகாணத்தின் கோடைத் தலைநகரமாகவும் ஆகிவிட்டது.

அடுத்து 1880. செப்டம்பர் 16, வியாழக்கிழமை தொடங்கிய மழை சனிக்கிழமை வரை விடவில்லை. ஏரிக்கு வடகிழக்கே இருக்கும் ஷேர் கா டாண்டா மலைச் சரிவில் சனிக்கிழமை காலை சிறிய சரிவு ஒன்று விக்டோரியா ஓட்டலை ஒட்டி நடந்தது. சிக்கியவர்களை மீட்க அதிகாரிகளும் சிப்பாய்களும் கூலியாட்களும் போய்த் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் ஒன்றரை மணி வாக்கில் மலையே கிளம்பி வந்தது. ஓட்டல், கடை, ஏரிக்கரையில் இருந்த கூட்ட மண்டபம், நயனா தேவி கோயில் எல்லாம் சில விநாடிகளில் மண்ணுக்குள். இறந்தவர்கள் 151 பேர். அதில் 108 பேர் இந்தியர்கள். காப்பாற்றப் போனவர்கள்தான் நிறையப் பேர்.

சரிந்த மண் ஏரியின் வடக்கு மூலையைத் தூர்த்துவிட்டது. அங்கே ஏற்கெனவே இருந்த சமதரை பெரிதாகி, இன்று 'ஃப்ளாட்ஸ்' என்று சொல்லும் மைதானம் ஆனது. நீங்கள் போனபோது பையன்கள் கிரிக்கெட், ஃபுட்பால் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் பேல்பூரிகூடச் சாப்பிட்டிருப்பீர்கள். அந்த மைதானத்தில் ஒரு பகுதி 1880ல் மலையிலிருந்து வந்தது. கோயிலை 1883ல் திரும்பக் கட்டினார்கள். மலைச்சரிவு முழுக்க மழைநீர் வடிகால்களை வெட்டிக் கல் பாவினார்கள். 'நாலா' என்று சொல்கிற இந்த வடிகால்கள்தான் இன்றுவரை ஊரைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன.

இந்தப் பேரழிவு நடந்து பத்தே வருடத்தில், 1890ல், அதே மல்லிதால் கரையில் போட் ஹவுஸ் கிளப் வந்தது. 1910ல் நைனிதால் யாட் கிளப். உலகத்திலேயே உயரமான இடத்தில் இருக்கும் யாட் கிளப் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். தென் அமெரிக்காவின் டிட்டிகாகா ஏரி 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கேயும் பாய்ப்படகு ஓடுகிறது. ஆகவே 'உலகத்திலேயே' என்பதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். உயரமானவற்றில் ஒன்று என்றால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

கொடைக்கானல் பக்கத்துக்காரர்கள் இந்த வருடங்களைக் கவனித்திருப்பீர்கள். அங்கே மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் 1863ல் கரை கட்டி ஏரியை உண்டாக்கி, தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைத்தார். படகுக் கிளப் 1890. புதிய படகுத்துறை 1910. அதே இரண்டு வருடங்கள்! ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தார்களா என்றால், அப்படி இல்லை. அந்த இருபது வருடத்தில் மலைவாசஸ்தலத்துத் துரைமார்களுக்கு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஆசை வந்திருக்கிறது, கையில் காசும் ஓய்வும் இருந்திருக்கிறது. சென்னையில் துறைமுக டிரஸ்ட் சேர்மன் பிரான்சிஸ் ஸ்பிரிங் யாட் கிளப் தொடங்கியதும் அடுத்த வருடமே, 1911ல். கொடைக்கானலில் ஏரியைப் பொதுஜனத்துக்குத் திறந்துவிட்டது 1932ல்தான் என்பதையும் சேர்த்துப் படித்தால் படம் முழுமையாகும். நைனிதாலிலும் மேல் மால் ரோடு துரைகளுக்கு, கீழ் மால் ரோடு நமக்கும் குதிரைக்கும் என்று இருந்ததைப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். அதே ஊரில்தான் 1922ல் கோவிந்த் வல்லப் பந்த் முதலானவர்கள் சேர்ந்து நைனிதால் வங்கியைத் தொடங்கினார்கள். வங்கிக்காரனுக்கு வங்கிதான் கண்ணில் படும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, படகுக்கு வருவோம். இந்தக் கிளப்பின் அடையாளம் 'அரை ரேட்டர்' என்ற வகைப் படகு. பெயரைக் கேட்டபோது எனக்கு வட்டி விகிதம் ஏதோ பாதியாகிவிட்டது போல இருந்தது. உண்மையிலும் இது ஒரு கணக்குத்தான். 1886ல் இங்கிலாந்தில் பந்தயப் படகுகளைத் தரம் பிரிக்க ஒரு சூத்திரம் கொண்டுவந்தார்கள். படகு தண்ணீரில் நிற்கும்போது நீர்மட்டத்தில் அதன் நீளம் எத்தனை அடி, பாயின் பரப்பு எத்தனை சதுர அடி, இரண்டையும் பெருக்கி 6,000ஆல் வகுக்க வேண்டும். விடை ஒன்று என்றால் 'ஒரு ரேட்டர்'. அரை என்றால் அரை ரேட்டர். ஆக, அரை ரேட்டருக்குப் பெருக்குத்தொகை 3,000. பதினைந்து அடி நீளம் வேண்டுமா, 200 சதுர அடிப் பாய் கட்டிக்கொள். இருபது அடி வேண்டுமா, பாயை 150ஆகக் குறைத்துக்கொள். நீளம் கூடினால் வேகம் கூடும், பாய் கூடினாலும் வேகம் கூடும்; எது வேண்டும் என்று நீயே முடிவு செய்.

சட்டம் என்று ஒன்று வந்தால் அதன் சந்துபொந்துகளைத் தேடும் ஆடிட்டர்களும் வந்துவிடுவார்கள் இல்லையா? படகிலும் அதுதான் நடந்தது. அளவு எடுப்பது படகு நிமிர்ந்து நிற்கும்போது. ஆகவே முனையையும் பின்பக்கத்தையும் தண்ணீருக்கு மேலே நீட்டிவைத்துக் கட்டினார்கள். காற்றடித்துப் படகு சாய்ந்ததும் நீட்டிய பகுதி தண்ணீரைத் தொடும். கணக்கில் வராத நீளம் கிடைத்துவிடும். எடை சூத்திரத்தில் இல்லவே இல்லை. ஆகவே படகை முடிந்த அளவு லேசாகச் செய்தார்கள். இந்தத் தில்லுமுல்லு அதிகமாகி 1896ல் இங்கிலாந்திலேயே சூத்திரத்தை மாற்றிவிட்டார்கள். நைனிதால் கிளப் பிறந்த 1910ல் அந்த விதி செத்துப் பதினாலு வருடம். ஆனால் அந்த விதி பெற்ற பிள்ளை இமயமலையில் பிழைத்துக்கொண்டது. காரணம் இருக்கிறது. மலைகள் மறிக்கும் இந்தச் சின்ன ஏரியில் காற்று பலவீனம். கனமான படகு என்றால் நகராது. லேசான உடம்பும் உயரமான பாயும் உள்ள படகுதான் சரிப்பட்டு வரும்.

இவற்றை வடிவமைத்தவர் லின்டன் ஹோப். அந்தக் காலத்துச் சின்னப் படகுகளின் பிரம்மா என்றே சொல்லலாம். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் அரை முதல் ஒரு டன் வரையுள்ள வகுப்பில் முதலிடம் பிடித்த 'ஸ்கோஷியா' இவர் வரைந்த படகு. அதில் ஒரு மாலுமியாக இவரே ஏறி ஓட்டினார். அந்தப் பந்தயமும் கடலில் நடக்கவில்லை, மெலான் என்ற ஊரில் செய்ன் நதியில் நடந்தது. பின்னாளில் முதல் உலகப் போர்க் காலத்தில் தண்ணீரில் இறங்கும் விமானங்களுக்கு அடிப்பாகம் வடிவமைத்தார். லேசாகவும் இருக்கணும், அலையில் உடையவும் கூடாது என்ற வித்தை அவர் கையில் இருந்திருக்கிறது.

பந்தயம் எப்படி என்றால், குதிரைப் பந்தயம் மாதிரி வரிசையில் நின்று கிளம்புவது இல்லை. நிறுத்திவைக்க படகுக்கு பிரேக் ஏது? ஒரு கற்பனைக் கோடு, அதற்குப் பின்னால் எல்லாப் படகும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். எச்சரிக்கைச் சத்தம் வந்ததிலிருந்து எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்தபடி இருப்பார்கள். புறப்பாட்டுச் சத்தம் வரும் அதே விநாடியில், முழு வேகத்தில், கோட்டைத் தாண்டுபவன் கெட்டிக்காரன். ஒரு விநாடி முந்தினால் திரும்பி வந்து மறுபடி தாண்ட வேண்டும்.

பிறகு மிதவைகளைச் சுற்ற வேண்டும். காற்று எதிரே வந்தால் நேராகப் போக முடியாது. இடது பக்கம் சாய்வாகக் கொஞ்ச தூரம், சட்டென்று திருப்பி வலது பக்கம் சாய்வாகக் கொஞ்ச தூரம், இப்படி மாடு கட்டி ஏர் ஓட்டுகிற மாதிரி வளைந்து வளைந்து காற்றின் மேலே ஏறுவார்கள். இரண்டு படகு குறுக்கே சந்தித்தால் வலது பக்கத்திலிருந்து காற்று வாங்குபவனுக்குத்தான் வழி. மற்றவன் ஒதுங்க வேண்டும். ஒதுங்கினவன் நாலைந்து படகு நீளம் பின்னுக்குப் போய்விடுவான்.

ஆனால் நைனிதாலில் எல்லா வியூகத்தையும் கெடுப்பது மலை. நம்மூர் மீனவர்களுக்கு வாடை, கொண்டல், கச்சான் என்று ஒவ்வொரு காற்றுக்கும் பேர் உண்டு. கடலில் ஒரு காற்று எழுந்தால் மணிக்கணக்கில் அதே திசையில் அடிக்கும். இங்கே அப்படி இல்லை. நான் பார்த்த நாட்களில் காலையில் ஏரி கண்ணாடி. மத்தியானம் வெயில் ஏறினதும் தல்லிதால் பக்கத்து மலை இடைவெளி வழியாகத் தராய் சமவெளிக் காற்று மேலே ஏறி வரும். அது ஆயார்பாட்டா மலையில் மோதித் திரும்பும், நடுவில் மல்லிதால் பக்கமிருந்து இன்னொன்று இறங்கும். ஒரே நேரத்தில் முதல் படகு பாய் தொங்கிச் சும்மா நிற்க, கடைசிப் படகு சாய்ந்துகொண்டு பறந்து வரும். கரையில் என் பக்கத்தில் நின்ற வயதான படகோட்டி ஒருவர், "சாப், இந்த ஏரியில் முன்னால் போகிறவனைப் பார்க்காதீர்கள், தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள்" என்றார். தண்ணீர் எங்கே கறுத்துச் சிலிர்க்கிறதோ அங்கே காற்று இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதன் பிறகு எனக்குப் பந்தயம் புரிய ஆரம்பித்தது. அவர் ஐம்பது வருடமாகத் துடுப்புப் போட்டவர், பாய்ப்படகில் ஒருமுறைகூட ஏறியதில்லையாம். ஏன் என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

ஏரி அன்று இருந்த மாதிரி இன்று இல்லை. ஊருக்குக் குடிதண்ணீர் இதே ஏரியிலிருந்துதான் போகிறது. மேலே சூகாதால் என்று ஒரு மழைக்கால ஏரி உண்டு. அதில் தேங்கும் தண்ணீர்தான் பூமிக்குள் ஊறிக் கீழே பெரிய ஏரிக்கு வரும் முக்கிய வழிகளில் ஒன்று. அதன் படுகையிலும் கட்டிடங்கள் முளைத்தன, கட்டிட இடிபாடுகளைக் கொட்டினார்கள். 2017 கோடையில் ஏரி மட்டம் வழக்கத்தைவிடப் பதினெட்டு அடி இறங்கிப்போய், கரையோரம் மண்திட்டு மண்திட்டாக வெளியே வந்தது. பத்திரிகைப் படங்களில் படகுகள் சேற்றில் உட்கார்ந்திருந்தன. 2018 ஆகஸ்டில் கீழ் மால் ரோட்டின் ஒரு துண்டு அப்படியே ஏரிக்குள் சரிந்தது. 2021 அக்டோபர் 18, 19 தேதிகளில் இதற்கு நேர்மாறு: பெய்த மழையில் ஏரி கரைமீறி மால் ரோட்டிலும் நயனா தேவி கோயில் வளாகத்திலும் ஏறிவிட்டது. 2022ல் சூகாதாலில் நடந்த கட்டுமானத்துக்கு உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் தடை போட்டது. உயர்நீதிமன்றம் இருப்பதே நைனிதாலில்தான். நர்சிங் காலத்தில் அப்படி ஒன்று இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

பாய்ப்படகு என்பது பெரிய இடத்துச் சமாச்சாரம் என்று நம் வீடுகளில் ஒதுக்கிவிடுகிறோம். சென்னைப் பெண் நேத்ரா குமணன் 2021ல் டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். பாய்ப்படகில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். அதே டோக்கியோவில் ஆண்கள் பிரிவில் ஓட்டிய விஷ்ணு சரவணன் வேலூரில் பிறந்தவர். ஹைதராபாத், செகந்தராபாத்தில் இருப்பவர்களுக்கு ஹுசேன் சாகரிலேயே கற்றுக்கொடுக்கிறார்கள். போபாலில் இருப்பவர்களுக்குப் பெரிய ஏரி இருக்கிறது. பையனுக்கோ பெண்ணுக்கோ பத்து வயதாகி நீச்சல் தெரிந்தால் விசாரித்துப் பாருங்கள்.

நைனிதால் போவதானால் மே மாதத்தை விட்டுவிட்டு மழைக்குப் பிறகு போங்கள். காத்கோதாம் வரை ரயில், அங்கிருந்து ஷேர் டாக்ஸி. பந்தயம் என்றைக்கு என்று முன்னாலேயே கேட்டுக்கொள்வது நல்லது. இல்லாவிட்டாலும் சாயங்காலம் ஒன்றிரண்டு பாய்களாவது தண்ணீரில் இருக்கும். மால் ரோட்டில் நிற்க வேண்டாம். எதிர்ப்பக்கம், ஆயார்பாட்டா மலையடியில் டண்டி சடக் என்று மரநிழலான பாதை ஒன்று போகிறது. மோட்டார் வண்டி வராது. அங்கே பாதி தூரத்தில் உட்கார்ந்தால் இரண்டு கோடியும் தெரியும். கையில் ஒரு ஃபிளாஸ்க் காபி இருந்தால் போதும். அந்த ஊரில் நம் ருசிக்குக் காபி கிடைக்காது, அதை மட்டும் வீட்டிலிருந்தே கொண்டுபோய்விடுங்கள்.